சின்னப் பெட்டிக்குள் பெரிய சூடு: ஹீட் பைப், தெர்மோசைஃபன் பற்றி மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பஞ்சாலையின் டிரைவ் பேனல் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ‘டிரைவ்’ என்ற மின்னணுக் கருவி இருக்கும் பெட்டி), மேலூர்ப் பக்கத்து கிரானைட் பட்டறையின் கன்ட்ரோல் பெட்டி, மொட்டைமாடி சோலார் இன்வெர்ட்டர், இன்ஜினீயரிங் மாணவர்களின் கடைசி வருட ப்ராஜெக்ட் என எங்கே பார்த்தாலும் சிக்கல் ஒன்றுதான். இடம் கையகலம், சூடு நூறு வாட்டுக்கு மேல், வெளியே கத்திரி வெயில். இந்தச் சூட்டை, ஆவியாகித் திரும்பவும் திரவமாகும் ஒரு பொருளை வைத்து வெளியே கடத்துவதைத்தான் இருநிலைக் குளிர்விப்பு என்கிறோம். ஹீட் பைப், தெர்மோசைஃபன் இரண்டும் அந்தப் பொருளை உள்ளே வைத்து மூடிய குழாய்கள். இதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

சாதாரண வாட்டர் கூலிங்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் போதும். அதே ஒரு கிராமை 50 டிகிரியில் ஆவியாக்க ஏறத்தாழ 2,380 ஜூல் வேண்டும். இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது கையில் அடிக்கிற ஆவி, அதே சூட்டிலுள்ள வெந்நீரைவிட மோசமாகச் சுடுவது இதனால்தான். தோலில் பட்டுத் தண்ணீராகும்போது அந்த வெப்பம் முழுவதையும் அது நம் கையில் கொட்டிவிடுகிறது.

இதை வடிவமைப்புக் கணக்காகப் பாருங்கள். 100 வாட் சூட்டை, தண்ணீரை 10 டிகிரி மட்டும் சூடேற விட்டு எடுத்துப்போக வேண்டுமானால் நொடிக்கு 2.4 கிராம் ஓட வேண்டும். அதற்கு பம்பு, ஹோஸ், தொட்டி எல்லாம் வேண்டும். ஆவியாக்கி எடுத்துப்போனால் நொடிக்கு 0.042 கிராம் போதும், அதாவது நிமிடத்துக்கு இரண்டரை கிராம். பம்பே இல்லாமல் ஒரு விரல் தடிமன்கூட இல்லாத செம்புக் குழாய்க்குள் அது தானாகச் சுற்றிவரும். இடம் குறைவான பெட்டிக்கு இந்த முறை பொருந்துவதற்குக் காரணம் இந்த ஒரு எண்தான்.

தண்ணீர் 100 டிகிரியில்தானே கொதிக்கும்? எங்கள் சிப் 70 டிகிரிதானே?

குழாய்க்குள் காற்று இல்லை. மூடி ஒட்டுவதற்கு முன் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பது தண்ணீரும் அதன் ஆவியும் மட்டும். 50 டிகிரியில் அந்த ஆவியின் அழுத்தம் 12.3 கிலோபாஸ்கல், நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் எட்டில் ஒரு பங்கு. ஒரு முனை கொஞ்சம் சூடானாலும் அங்கே ஆவி கிளம்பும், மறுமுனை கொஞ்சம் குளிர்ந்திருந்தாலும் அங்கே படியும். “இந்த டிகிரியில்தான் வேலையைத் தொடங்கும்” என்று தனியாக ஒன்று கிடையாது.

ஹீட் பைப் போட்டால் பேனல் ஏசி மாதிரி குளிருமா?

குளிராது. அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான், ஆகவே அழுத்திச் சொல்கிறேன். ஹீட் பைப் சூட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும், அவ்வளவுதான். வெளிக்காற்று 42 டிகிரி என்றால் உங்கள் சிப் 42-ஐவிடக் குளிர்ச்சியாக ஒருபோதும் இருக்காது. எவ்வளவு மேலே என்பதை மட்டும்தான் நாம் கட்டுப்படுத்த முடியும்.

பேனலுக்குள் இருக்கும் பொருள் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்தே இருக்க வேண்டும் என்றால் கம்ப்ரசர் வைத்த பேனல் ஏசிதான் வழி. அதுவும் ஒரு இருநிலை முறைதான், ஆனால் மின்சாரம் கேட்கும், அதிரும், ஐப்பசி மழைக்காலத்தில் கதவைத் திறந்து மூடினால் உள்ளே நீர் கோக்கும். பெரும்பாலான டிரைவ்களுக்கு அது தேவையே இல்லை. 40 டிகிரிக் காற்று வரை முழு லோடு எடுக்கும்படியும், அதற்கு மேல் 50 வரை லோடைக் குறைத்து ஓட்டும்படியும்தான் அவை பொதுவாக வருகின்றன. சூட்டைப் பெட்டிக்கு வெளியே ஒழுங்காக விட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஹீட் பைப், வேப்பர் சேம்பர், தெர்மோசைஃபன்... எதை எங்கே போடுவது?

குழாயின் உட்சுவரில் நுண்ணிய செம்புத் தூளைச் சுட்டு ஒட்டியோ, வலை வைத்தோ, பள்ளம் கீறியோ ஒரு ‘திரி’ அமைத்தால் அது ஹீட் பைப். குளிர்ந்த முனையில் படிந்த தண்ணீரைச் சூடான முனைக்குத் திரும்ப இழுத்து வருவது இந்தத் திரிதான். ஜெனரல் மோட்டார்ஸின் கோக்லர் 1940-களிலேயே இதற்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார், யாரும் கண்டுகொள்ளவில்லை. 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் தனியாகச் செய்து காட்டிய பிறகுதான் இது விண்வெளித் துறைக்குப் போனது. இன்று பெரும்பாலான லேப்டாப்புகளுக்குள் இருக்கிறது.

அதையே தட்டையான பெட்டியாகச் செய்தால் வேப்பர் சேம்பர். ஒரு சிறு புள்ளியில் கிளம்பும் சூட்டை அகலமான தகடு முழுவதும் பரப்ப இதைவிட நல்லது இல்லை. விலை உயர்ந்த செல்போன்களில் அரை மில்லிமீட்டருக்கும் மெல்லியதாக வருகிறது. ஆனால் உங்களுக்கு 20 செ.மீ. தள்ளிச் சூட்டைக் கொண்டுபோக வேண்டுமென்றால் அது வேண்டாம், குழாயே போதும்.

திரியே இல்லாமல், படிந்த தண்ணீர் புவியீர்ப்பால் தானாகக் கீழே வழிந்து வந்தால் அது தெர்மோசைஃபன். சுவரில் மாட்டிய பேனல் ஒருநாளும் தலைகீழாகத் தொங்கப் போவதில்லை. அப்படி நிலையாக நிற்கும் பெட்டிகளுக்கு என் முதல் ஓட்டு தெர்மோசைஃபனுக்குத்தான். மலிவு, அதிகச் சூட்டைத் தாங்கும், பட்டறையிலேயே செய்ய முடியும். ட்ரோன், எலெக்ட்ரிக் ஆட்டோ போன்று சாய்ந்து குலுங்குகிறவற்றுக்குத் திரி வைத்த குழாய்தான் சரி.

பம்பு வைத்துத் திரவத்தை நுண்குழல்கள் வழியே ஓட்டிக் கொதிக்கவிடும் முறையும் உண்டு. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2011-ல் பொருத்திய, விண்வெளித் துகள்களை ஆராயும் ஏ.எம்.எஸ். கருவியின் டிராக்கர் பகுதி கார்பன் டை ஆக்சைடை இப்படி ஓட்டித்தான் குளிர்விக்கப்படுகிறது. ஒரு குழலில் ஆவி அடைத்தால் திரவம் பக்கத்துக் குழலுக்குப் பாய்ந்துவிடும், அடைத்தது வறண்டு சுடும். அதைத் தடுக்க ஒவ்வொரு குழலின் வாயிலிலும் குறுகலான துளை வைக்கிறார்கள். கிலோவாட் கணக்கில் சூடு இல்லாதவரை இந்தப் பக்கம் போக வேண்டாம்.

கணக்கை எங்கிருந்து ஆரம்பிப்பது?

வெளிக்காற்றிலிருந்து. பெரும்பாலும் சிப்பிலிருந்து ஆரம்பித்து, நல்ல ஹீட் பைப்பாகத் தேடி வாங்கி, கடைசியில் மிச்சமிருக்கும் இடத்தில் ஃபின்களை, அதாவது சூட்டைக் காற்றில் விடும் மெல்லிய தகடுகளைச் செருகுகிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன்.

5 எச்பி மோட்டாரை ஓட்டும் டிரைவ், அதாவது 3.7 கிலோவாட். அதில் 3 முதல் 4 சதவீதம் சூடாகப் போகிறது என்று வைத்தால் 110-லிருந்து 150 வாட் வரும். 120 என்று எடுப்போம். மே மாத மதியம், மில்லுக்குள் மெஷின் பக்கத்துக் காற்று 45 டிகிரி. டிரைவுக்குள் சூட்டைக் கிளப்பும் பாகமான பவர் மாட்யூலின் அடித்தட்டு 85-ஐத் தாண்டக் கூடாது என்று எல்லை வைப்போம். ஆக, செலவழிக்க நம் கையில் இருப்பது 40 டிகிரி.

முதலில் தெர்மல் பேஸ்ட், அதாவது மாட்யூலுக்கும் செம்புக் கட்டைக்கும் நடுவே தடவும் பசை. 10 சதுர செ.மீ. பரப்பில் 0.1 மி.மீ. தடிமனில், வெப்பக் கடத்துதிறன் 3 (வாட்/மீட்டர்-டிகிரி) உள்ள பேஸ்ட் தடவினால் அதிலேயே 4 டிகிரி போய்விடும். குழாய்களைப் பதித்த செம்புக் கட்டை, அதன் சால்டர் எல்லாம் சேர்த்து இன்னொரு 4. ஆறு மி.மீ. குழாய் நான்கு, ஆளுக்கு 30 வாட், அதற்கு 4. இதுவரை 12 டிகிரி காலி. மீதி 28.

அந்த 28-ஐ வைத்துக் காற்றிடம் பேரம் பேச வேண்டும். 120 வாட்டை வாங்கிக்கொண்டு காற்று 12 டிகிரி சூடேறலாம் என்றால் நொடிக்கு 9 லிட்டர் காற்று ஓட வேண்டும். சராசரியாகக் காற்று 6 டிகிரி சூடாகியிருக்கும் என்பதால் ஃபின்னுக்கும் காற்றுக்கும் நடுவே மிஞ்சுவது 22 டிகிரி. ஃபேன் வைத்த இடைவெளியில் ஒரு சதுர மீட்டர் ஃபின், டிகிரிக்கு 25 வாட் அளவில் சூட்டை விடும். ஃபின் நுனி அடியைவிடக் கொஞ்சம் ஆறியிருக்கும், அதற்கு 15 சதவீதம் கழியுங்கள். வேண்டிய பரப்பு 0.26 சதுர மீட்டர். 10-க்கு 5 செ.மீ. அலுமினியத் தகடு ஒன்றின் இரண்டு பக்கமும் சேர்த்து 100 சதுர செ.மீ., ஆகவே 26 தகடுகள். 4 மி.மீ.-க்கு ஒன்றாக அடுக்கினால் 10 செ.மீ.-க்குச் சற்று மேல். பத்துக்குப் பத்து, ஐந்து செ.மீ. ஆழம், முகத்தில் ஒரு 92 மி.மீ. ஃபேன். பெட்டியின் மேல்பக்கத்தில் அழகாக உட்கார்ந்துவிடும்.

ஃபேன் வேண்டாம் என்றால்? சும்மா எழும்பும் காற்றில் அந்த 25 என்பது 5 அளவுக்கு இறங்கிவிடும். பரப்பு ஐந்து மடங்கு, 1.3 சதுர மீட்டர். அப்புறம் அதைச் சின்னப் பெட்டி என்று சொல்ல முடியாது.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். உலகிலேயே சிறந்த ஹீட் பைப்பை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் மிச்சமாவது அதிகபட்சம் 4 டிகிரி. ஃபேன் காற்று பாதியானால் காற்றின் சூடேற்றமே 12-லிருந்து 24 ஆகும், ஃபின் விடும் சூடும் குறையும், மாட்யூல் எல்லையைத் தாண்டிவிடும். பணத்தையும் இடத்தையும் ஃபின்னுக்கும் ஃபேனுக்கும் முதலில் ஒதுக்குங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். ஃபேன் லேபிளில் போட்டிருக்கும் எண் முன்னால் எந்தத் தடையும் இல்லாதபோது ஓடும் காற்று, அதையும் மறக்க வேண்டாம். நொடிக்கு 9 லிட்டர் என்பது 19 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்ற அளவு). வாங்கும்போது 40 சிஎஃப்எம் வாங்குங்கள்.

பஞ்சும் கல்தூசியும் ஃபின்னை அடைத்துவிடுகிறதே?

மதுரை, தேனி, திண்டுக்கல், ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகளில் மின் பெட்டிகளுக்கு முதல் எதிரி இதுதான். வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் ஃபேனும் ஃபில்டரும் வைத்த பேனல், ஃபில்டர் தட்டாமல் விட்டால் சில நாளிலேயே மூச்சு முட்டும். இருநிலை முறையின் உண்மையான பலன் இங்கேதான் தெரிகிறது. பெட்டியை முழுக்க சீல் செய்துவிடலாம். சூடு மட்டும் குழாய் வழியே சுவரைத் தாண்டி வெளியே போகும், தூசி உள்ளே வராது.

வெளி ஃபின்களில் படிவது படியத்தான் செய்யும். அதனால் லேப்டாப் ஃபின் மாதிரி ஒன்றரை மி.மீ. இடைவெளி நம் ஊர் மில்லுக்கு உதவாது. 4 மி.மீ.-க்குக் கீழே போகாதீர்கள். தகடுகள் செங்குத்தாக நிற்கட்டும், ஃபேனை இரண்டு ஸ்க்ரூவில் கழற்ற முடியட்டும், ஏர் ஹோஸ் நாசில் நேராகப் போகும்படி ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். கிரானைட் பட்டறையில் ஈரத்தோடு வரும் கல்மாவு காய்ந்தால் சிமென்ட் பூசியதுபோல் இறுகிவிடும். அங்கே இடைவெளி இன்னும் அதிகம் வேண்டும், கழுவுவதற்கு வசதியும் வேண்டும்.

வெயிலில் நிற்கும் பெட்டிக்கு?

முதலில் நிழல். மேற்கு பார்த்த 40-க்கு 30 செ.மீ. முகத்தில் மாலை வெயில் நேராக அடித்தால் 100 வாட் அளவுக்கு அதன் மேல் விழும். சாம்பல் நிற பெயின்ட் அதில் பாதிக்கு மேல் உறிஞ்சும். டிரைவ் விடும் சூட்டில் பாதியை நாமே வெளியிலிருந்து சேர்த்த மாதிரி. ஒரு தகரத்தை இரண்டு அங்குலம் தள்ளி மாட்டி, நடுவில் காற்று ஓட விடுங்கள். எந்த ஹீட் பைப்பையும்விட இது மலிவு.

பைப்பை நிமிர்த்தியும் படுக்கவும் தலைகீழாகவும் வைக்கலாமா?

சூடான முனை கீழே, குளிர் முனை மேலே. முடிந்தவரை இப்படியே வையுங்கள். படுக்க வைத்தாலும் வேலை செய்யும். தலைகீழாக வைத்தால் திரி தண்ணீரை மேல்நோக்கி ஏற்ற வேண்டும், அதற்கு ஒரு எல்லை உண்டு. துளை ஆரம் 40 மைக்ரான் உள்ள செம்புத்தூள் திரி, 60 டிகிரித் தண்ணீரை அதிகபட்சம் 3,300 பாஸ்கல் அழுத்தத்தில் இழுக்கும். 20 செ.மீ. உயரம் ஏற்றவே சுமார் 2,000 பாஸ்கல் போய்விடும். மீதி 1,300-ல்தான் ஓட்டத்தின் உராய்வு எல்லாம் அடங்க வேண்டும், ஆகவே தூக்கும் வாட் வெகுவாகக் குறையும். பள்ளம் கீறிய குழாயில் துளை பெரிது, இழுவை இன்னும் குறைவு. தலைகீழாக அதைப் போடவே போடாதீர்கள்.

வளைக்கலாமா? தட்டையாக்கலாமா?

வளைக்கலாம். வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப் போல் மூன்று மடங்குக்குக் குறையாமல், அச்சில் வைத்து மெதுவாக வளையுங்கள். கையால் மடக்கினால் உள்ளே திரி உடையும். தட்டையாக்கவும் செய்யலாம். 6 மி.மீ. குழாயை 3 மி.மீ. தடிமனுக்கு அழுத்தினால் அகலம் ஏறத்தாழ 7.7 மி.மீ. ஆகும். அதற்கும் கீழே போனால் ஆவி போகும் வழி குறுகி, தூக்கும் வாட் வேகமாக விழும்.

உள்ளே தண்ணீர்தானா? அலுமினியக் குழாயில் ஊற்றலாமா?

நம் வேலைக்கு வரும் சூட்டில் செம்பும் தண்ணீரும் மிகச் சிறந்த ஜோடி. அலுமினியத்தில் தண்ணீர் ஊற்றவே கூடாது. இரண்டும் வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயு உண்டாகும், அந்த வாயு குளிர் முனையில் போய் உட்கார்ந்துகொண்டு ஆவியை அண்ட விடாது. அலுமினியத்துக்கு அசிட்டோன் அல்லது அம்மோனியா. அதே அம்மோனியா செம்பை அரிக்கும்.

ஏசி மெக்கானிக்கிடம் கிடைக்கும் ஆர்-134ஏ வாயுவைத் தெர்மோசைஃபனில் போடுகிறவர்கள் உண்டு. நடக்கும். ஆனால் 50 டிகிரியில் உள்ளே 13 பார் அழுத்தம் இருக்கும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தம்), குழாயும் ஜாயின்டும் அதைத் தாங்க வேண்டும். தண்ணீரில் அந்தப் பயம் இல்லை. ஃப்ளோரின் திரவங்களை நம்பிப் புதிதாக எதையும் வரைய வேண்டாம் என்பேன். அவற்றில் பெயர்பெற்ற நோவெக் வகையைச் செய்துவந்த 3எம் நிறுவனம், 2025 முடிவுக்குள் இந்த வகை வேதிப்பொருள்களின் உற்பத்தியையே விட்டுவிடுவதாக 2022 டிசம்பரில் அறிவித்துவிட்டது.

நாங்களே செய்ய முடியுமா?

தெர்மோசைஃபன் முடியும். செம்புக் குழாய், பிரேசிங், வேக்கம் பம்பு தெரிந்த ஏசி மெக்கானிக் ஒருவர் இருந்தால் போதும். கப்பலூர், புதூர் தொழிற்பேட்டைகளில் ஃபின், பிளாக் எல்லாம் வெட்டி வாங்கிக்கொள்ளலாம். குழாயின் உள்பக்கத்தை நன்றாகக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கு எடுங்கள். போர் தண்ணீர் கூடாது, காய்ச்சி வடித்த தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துக் கரைந்த காற்றைப் போக்கிவிட்டு ஊற்றுங்கள். சூடாகும் பகுதியின் கொள்ளளவில் பாதி நிரப்பினால் போதும்.

செம்புத்தூள் திரி வைத்த ஹீட் பைப்பைச் செய்யக் காற்றுப் புகாத உலை வேண்டும். அதை வாங்கிவிடுவதே புத்திசாலித்தனம்.

உயிர் சம்பந்தப்பட்டது ஒன்று. தண்ணீர் நிரப்பி மூடிய குழாயின் மேல் கேஸ் டார்ச்சைக் காட்டவே கூடாது. 220 டிகிரியில் உள்ளே 23 பார் ஏறும், 250-ல் 40 பார். குழாய் வெடிக்கும். ஃபின்னோடு ஒட்ட வேண்டுமென்றால் 138 டிகிரியில் உருகும் தகரம்-பிஸ்மத் சால்டர் எடுத்துக்கொள்ளுங்கள், ஹாட் பிளேட்டில் வைத்து வேலையை முடியுங்கள்.

வாங்கிய பைப் நல்லதா என்று எப்படித் தெரியும்?

ஒரு முனையைச் சூடான தண்ணீர் டம்ளரில் விட்டு மறுமுனையைப் பிடித்துப் பாருங்கள். நல்ல பைப் என்றால் சில நொடியில் கையில் சூடு ஏறும், அதே நீளச் செம்புக் கம்பியில் அப்படி ஏறாது. நடுவரை சூடாகி, நுனி இரண்டு மூன்று செ.மீ. மட்டும் ஆறிப்போய் நின்றால் உள்ளே காற்றோ வேறு வாயுவோ இருக்கிறது, ஒதுக்கிவிடுங்கள். பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய பைப்பையும் இப்படிச் சோதித்த பிறகே பயன்படுத்துங்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று சூடேறிவிடுகிறது. ஏன்?

திரி திருப்பி அனுப்பும் தண்ணீரைவிட ஆவியாகும் தண்ணீர் அதிகமானால் சூடான முனை வறண்டுவிடும். அதுவரை ஒழுங்காக ஏறிய வெப்பநிலை அந்தப் புள்ளியில் குதிக்கும். லோடைக் குறைத்தால் பெரும்பாலும் தானே சரியாகும். அடிக்கடி நடந்தால் குழாய் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். குழாய் 40 வாட் தூக்கும் என்று விற்பவர் சொன்னால் 30-க்குக் கணக்குப் போடுவது நல்ல பழக்கம்.

கொடைக்கானலில் வைத்தால் உறைந்துவிடாதா?

மார்கழி உறைபனி இரவில் உறையலாம். திரிக்குள் ஊறிய தண்ணீர் என்பதால் ஹீட் பைப்புக்குப் பொதுவாகச் சேதம் இல்லை, கருவி சூடானதும் இளகி ஓடத் தொடங்கும். அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும் தெர்மோசைஃபன் வெடிக்க வாய்ப்புண்டு. மலைக்கு ஹீட் பைப்பையே எடுத்துப் போங்கள்.

மல்லிகைப் பூ கொண்டுபோகச் சின்னக் குளிர்பெட்டி செய்ய இது உதவுமா?

நேராக உதவாது, பூவுக்கு வெளிக்காற்றைவிடக் குளிர் வேண்டும். மின்சாரம் பாய்ந்தால் ஒரு முகம் குளிர்ந்து மறுமுகம் சூடாகும் பெல்டியர் தகடு வைத்துச் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வழி. பெட்டியிலிருந்து 30 வாட் சூட்டை எடுக்கப் பெல்டியர் 60 வாட் மின்சாரம் தின்கிறது என்றால் அதன் சூடான முகத்தில் 90 வாட் வந்து நிற்கும். அந்த 90-ஐ ஒரு சின்ன முகத்திலிருந்து தள்ளி எடுத்துப்போய் ஃபின்னில் விட ஹீட் பைப் பொருத்தம். ஆனாலும் மாட்டுத்தாவணியிலிருந்து விமான நிலையம் வரை போகிற பூவுக்குத் தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் செய்கிற வேலையை மின்சாரம் இல்லாமல் வேறு எதுவும் செய்துவிடாது. நாள் முழுக்க ஓடும் பெட்டி என்றால் ஐசோபியூட்டேன் நிரப்பிய சின்னக் கம்ப்ரசர் மின்செலவில் பெல்டியரைவிட எவ்வளவோ மேல்.

பட்டறைக்கோ டிசைன் செய்பவரிடமோ போகும்முன் என்ன தயார் செய்ய வேண்டும்?

எத்தனை வாட் சூடு, எந்தப் பரப்பிலிருந்து கிளம்புகிறது, அது எத்தனை டிகிரி வரை தாங்கும். பெட்டி வைக்கும் இடத்தில் சித்திரை, வைகாசி மதியம் இரண்டு மூன்று மணிக்குக் காற்றின் வெப்பநிலை, அதுவும் பெட்டிக்குப் பக்கத்திலேயே அளந்தது. சூடான இடத்துக்கும் ஃபின் வைக்கக்கூடிய இடத்துக்கும் நடுவே எத்தனை செ.மீ., எது மேலே எது கீழே. என்ன மாதிரி தூசி, யார் சுத்தம் செய்வார், எத்தனை நாளுக்கு ஒருமுறை. ஃபேன் நின்றுபோனால் டிரைவ் தானாக நிற்க வேண்டுமா, அலாரம் மட்டும் அடித்தால் போதுமா என்பதையும் மில்லில் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். பெட்டியின் செல்போன் படத்தைவிட அளவு குறித்த ஒரு கைப்படம் அதிகம் உதவும்.